மூணு ரீடிங்கும் ஒட்டி வந்துருக்கு, ஆனாலும் விடை தப்பாம். எங்க சறுக்குனேன்?

டைட்டர்_தம்பி:
ரெண்டாவது வருஷம் கெமிஸ்ட்ரி. இந்த செமஸ்டர்ல குவான்டிடேட்டிவ் அனாலிசிஸ், தியரியும் உண்டு லேபும் உண்டு. தியரி ஓடிடுது, லேப் தான் உயிர வாங்குது. போன வாரம் அன்நோன் (அளவு சொல்லாத கரைசல்) ஒண்ணு குடுத்தாங்க, அசிட்டிக் ஆசிட் சொல்யூஷன், எவ்ளோ மோலார்னு (ஒரு லிட்டர்ல எத்தன மோல்னு) கண்டுபிடிக்கணும். 25 மி.லி. பிப்பெட்ல (ஒரே ஒரு அளவு எடுக்குற கண்ணாடிக் குழாய்) எடுத்து 250 மி.லி. ஸ்டாண்டர்ட் ஃப்ளாஸ்க்ல டைல்யூட் பண்ணி அதுலேர்ந்து 25 25 ஆ எடுத்து 0.1012 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுக்கு எதிரா டைட்ரேட் பண்ணேன், அதாவது ப்யூரெட்லேர்ந்து (கோடு போட்ட, அடியில திருகு வச்ச குழாய்) கலர் மாறுற வரைக்கும் சொட்டு சொட்டா விட்டு எவ்ளோ செலவாச்சுன்னு பாத்தேன். ரீடிங் 24.62, 24.60, 24.64. இதுக்கு மேல எப்படிங்க கன்கார்டன்ட் ஆ (ஒண்ணோட ஒண்ணு ஒட்டி) வரும்? கணக்கு போட்டா 0.9966 மோலார். அவங்க வச்சிருந்த மதிப்பு 0.983 ஆம். 1.4 சதவீதம் அதிகம்னு பாதி மார்க்க வெட்டிட்டாங்க.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா பக்கத்து டேபிள் நண்பனுக்கு 0.975, 0.994, 0.982 னு கண்டபடி சிதறிக் கெடக்கு, ஆனா ஆவரேஜ் 0.984 வந்துருச்சு, முழு மார்க். கவனமா செஞ்சவனுக்கு பாதி, ஏனோதானோன்னு செஞ்சவனுக்கு முழுசா? இந்த பேப்பர எப்படித்தான் படிக்கிறதுன்னே தெரியல.

மெனிஸ்கஸ்:
அழாத தம்பி, நாங்களும் இதே பள்ளத்துல விழுந்து எந்திரிச்சவங்க தான். எண்ட் பாயிண்ட்ட (கலர் மாறி நிறுத்த வேண்டிய எடம்) தாண்டிப் போயிட்டியோ? ரோஸ் கலரு அடர்த்தியா இருந்துச்சா?

ஓரத்துல_உக்காந்தவன்:
எதுக்கு இவ்ளோ யோசனை. சீனியர்ட்ட போன வருஷ அன்நோன் மதிப்பு என்னன்னு கேளு, பின்னாடிலேர்ந்து கணக்கு போட்டு 24.28 பக்கத்துல மூணு ரீடிங் எழுதிடு, முடிஞ்சுது. எல்லாரும் பண்றது தான்.

பழைய_ப்யூரெட்:
லேப்ல டெமான்ஸ்ட்ரேட்டரா பல வருஷம் நின்னவன்கிற முறையில ஓரத்துல உக்காந்தவருக்கு ஒரு வார்த்தை. பின்னாடிலேர்ந்து எழுதுன ரீடிங்க கண்டுபிடிக்க பெரிய துப்பறிவெல்லாம் தேவையில்ல. ப்யூரெட்ல கோடு 0.1 மி.லி. க்கு ஒண்ணு தான், ரெண்டாவது தசம இலக்கத்த கண்ணால மதிப்பிட்டு தான் எழுதணும். நெஜமா பாத்து எழுதுனவன் நோட்ல 3, 7, 8, 2 எல்லாம் கலந்து வரும். உக்காந்து எழுதுனவன் நோட்ல 0 வும் 5 ம் வரிசையா நிக்கும், இல்லன்னா 0 பக்கமே போகாம பயந்து பயந்து 3 ம் 7 மா இருக்கும். ரெண்டுமே காட்டிக் குடுத்துடும். அதோட அன்நோன் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் மாத்தி தான் வைப்பாங்க.

தம்பி, நீ குடுத்த தகவல் பத்தாது. கேக்குறதுக்கு ஒண்ணொண்ணா பதில் சொல்லு. சோடியம் ஹைட்ராக்சைட எத வச்சு ஸ்டாண்டர்டைஸ் பண்ண (அதோட சரியான மோலார கண்டுபிடிச்ச), எப்ப பண்ண, அது வரைக்கும் எதுல வச்சிருந்த? ப்யூரெட்ட கடைசியா எதால கழுவுன? பிப்பெட்ட எதால? பிப்பெட்ல கடைசி சொட்டு என்ன ஆச்சு? ப்யூரெட் நுனியில காத்துக்குமிழி இருந்துச்சா?

டைட்டர்_தம்பி:
பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் வச்சு தான். 110 டிகிரில ரெண்டு மணி நேரம் காய வச்சு டெசிகேட்டர்ல (ஈரம் ஏறாத மூடுன ஜாடி) ஆறவிட்டு தான் எடை போட்டேன். 0.5106 கிராமுக்கு 24.71 மி.லி. ஆச்சு, மூணு தடவையும் 0.1012 ஒட்டித் தான் வந்துச்சு. ஆனா அது செமஸ்டர் தொடக்கத்துல பண்ணது, மூணு வாரம் இருக்கும். பாட்டில் லேப் ஷெல்ஃப்ல இருந்துச்சு, மூடி சரியா பொருந்தாது, பேப்பர் சுத்தி வச்சிருந்தேன். ப்யூரெட்ட சோடியம் ஹைட்ராக்சைடாலயே மூணு தடவ அலசிட்டு தான் நிரப்புனேன், பிப்பெட்ட ஆசிட்டால. குமிழி இல்ல, பாத்தேன். கலர் ரொம்ப லேசான ரோஸ் தான், வெள்ளை டைல் வச்சு, அரை நிமிஷம் நிக்குதான்னு பாத்து தான் நிறுத்துனேன்.

கடைசி சொட்டு... அத ஊதி விட்டுட்டேனே? பல்ப வச்சு. மிச்சம் இருந்தா அளவு கொறையும்ல.

மெனிஸ்கஸ்:
ஐயோ.

பழைய_ப்யூரெட்:
ம். மொதல்ல மெனிஸ்கஸ் கேட்டத முடிச்சுடுவோம். 0.983 க்கு வந்திருக்க வேண்டிய ரீடிங் 24.28, வந்தது 24.62, வித்தியாசம் 0.34 மி.லி. ஒரு சொட்டுங்குறது சுமார் 0.05, அப்போ ஏழு சொட்டு. ஏழு சொட்டு தாண்டிட்டா லேசான ரோஸ் இருக்காது, டேபிள் விட்டு டேபிள் தெரியுற மாதிரி செவந்துரும். மூணு தடவையும் ஒரே மாதிரி ஏழு சொட்டு தாண்டவும் முடியாது. அதனால எண்ட் பாயிண்ட்ட விட்ருவோம். தாலேட் ஈரமா இருந்திருந்தா விடை அதிகமா காட்டும், திசை பொருந்துது, ஆனா நீ காய வச்சிருக்க. ப்யூரெட்ல தண்ணி இருந்திருந்தாலும் அதிகமா தான் காட்டும், அதையும் அலசிட்ட. மிச்சம் நிக்கிறது மூடாத பாட்டிலும் ஊதுன பிப்பெட்டும்.

தப்பு எந்தப் பக்கம் போகும்னு பாக்குற இந்த பழக்கத்த இப்பவே புடிச்சுக்க. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் விடைய ஏத்துமா எறக்குமான்னு மொதல்ல கேளு. பாதி சந்தேகம் அங்கயே செத்துரும்.

எண்ணும்_எழுத்தும்:
நடுவுல நுழையறேன், நண்பன் விஷயத்த மட்டும் பேசிட்டு போறேன்.

நண்பனோட மூணு மதிப்புக்கு ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (எவ்ளோ சிதறியிருக்குங்குற அளவு) 0.0096. மூணே மூணு ரீடிங், அதனால டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (ரீடிங் எண்ணிக்கைல ஒண்ணு கொறைச்சது) ரெண்டு, 95 சதவீதத்துக்கு டி மதிப்பு 4.303. டீவியேஷன ரூட் மூணால வகுத்து டி ஆல பெருக்குனா ±0.024 வருது. அதாவது அவனால நாணயமா சொல்ல முடிஞ்சது "விடை 0.960 க்கும் 1.008 க்கும் நடுவுல எங்கயோ இருக்கு" ங்குறது தான். அதுக்குள்ள உண்மையான மதிப்பும் இருக்கு, உன்னோட தப்பான 0.9966 ம் இருக்கு! ஆவரேஜ் போய் நடுவுல விழுந்தது அதிர்ஷ்டம், இன்னொரு நாள் செஞ்சா 0.97 லயும் விழும் 1.00 லயும் விழும்.

உன்னோடதுக்கு அதே கணக்கு போட்டா ±0.05 மி.லி., அதாவது ±0.002 மோலார். உன் வலை ரொம்ப சின்னது, அதுக்குள்ள 0.983 இல்லவே இல்ல. சும்மா தற்செயலா சிதறுனதுல இவ்ளோ தூரம் தள்ளிப் போகாது, ஏதோ ஒண்ணு தொடர்ந்து ஒரே பக்கமா இழுத்திருக்கு. நண்பனுக்கும் அதே மாதிரி ஒரு இழுவை இருந்திருந்தா அவனுக்கு தெரிஞ்சே இருக்காது, சிதறல்ல மறைஞ்சு போயிருக்கும். உன்னால தேட முடியுது, அவனால முடியாது. மார்க் போட்டவங்க இத பாக்கலங்குறது வேற கதை, எனக்கும் அதுல கோவம் தான், கான்ஃபிடன்ஸ் இன்டர்வலையும் (இந்த ± வலை) எழுதச் சொல்லி அதுக்கும் மார்க் வச்சிருக்கணும்.

டைட்டர்_தம்பி:
இத கேட்டதும் கொஞ்சம் நெஞ்சு ஆறுது. ஆனா டி மதிப்பு 4.303 ங்குறது எங்கேருந்து வருது? டேபிள்ல இருக்குன்னு மட்டும் தான் சொல்லிக் குடுத்தாங்க. ஸ்டூடண்ட்ஸ் டி ன்னு பேரு வேற, மாணவர்களுக்குன்னு எளிமையாக்குனதோன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

எண்ணும்_எழுத்தும்:
ஹாஹா, பாதி பேரு அப்படித் தான் நெனைக்கிறாங்க. ஸ்டூடண்ட் ஒரு புனைபெயர். ஆளு பேரு வில்லியம் கோசெட், டப்ளின்ல கின்னஸ் மதுபான ஆலையில வேலை பாத்தவரு, 1908 ல அந்தப் பேர்ல கட்டுரை வெளியிட்டாரு. அவருக்கு இருந்த தலைவலியும் உன்னோடது தான், கையில இருக்குறது மூணு நாலு அளவு மட்டும். நூறு ரீடிங் இருந்தா ஸ்டாண்டர்ட் டீவியேஷன நம்பலாம், மூணு ரீடிங்ல அந்த டீவியேஷனே ஒரு குத்துமதிப்பு. அந்த குத்துமதிப்புக்கு குடுக்குற தண்டம் தான் டி. எக்கச்சக்கமா ரீடிங் இருந்தா 1.96 போதும், மூணு தான் இருந்தா 4.303 கட்டணும், நாலாவது எடுத்தா 3.182 ஆ எறங்கிடும். அதனால தான் முடிஞ்சா நாலாவது ஒண்ணு எடுன்னு சொல்றது.

வெள்ளை_டைல்:
நண்பனோட டேட்டால க்யூ டெஸ்ட் போட்டு 0.994 அ தூக்கிடலாம்ல? எங்க லேப்ல ஒட்டாத ரீடிங்க அப்படித்தான் கழிப்போம்.

எண்ணும்_எழுத்தும்:
மூணு ரீடிங்ல க்யூ டெஸ்ட் பேருக்கு தான் டெஸ்ட். 24.60, 24.62, 24.90 னு வச்சுக்கங்க, பாத்தாலே மூணாவது கெட்டுப் போனதுன்னு தோணுதுல்ல? இடைவெளி 0.28, மொத்த வீச்சு 0.30, வகுத்தா 0.933. மூணு ரீடிங்குக்கு 90 சதவீதத்துல எல்லை 0.941. கழிக்க முடியாது! கண்ணுக்கு பளிச்சுன்னு தெரியுறதையே கழிக்க விடாத டெஸ்ட் அது, ஏன்னா மொத ரெண்டும் ஒட்டி வந்ததே தற்செயலா இருக்கலாம். அந்த மூணாவதுல சொட்டு வெளிய சிந்துச்சுன்னு நோட்ல எழுதி வச்சிருந்தா டெஸ்டே வேண்டாம், தாராளமா தூக்கு. எழுதலன்னா இன்னொரு டைட்ரேஷன் பண்ணு, பத்து நிமிஷ வேலை.

பழைய_ப்யூரெட்:
நல்லா சொன்னீங்க. இப்ப நான் விட்ட எடத்துக்கு வரேன். தம்பி, மூணு ரீடிங் ஒட்டி வந்துச்சு வந்துச்சுன்னு சொல்றியே, எதோட மூணு அது? ஒரே ஒரு தடவை தான் அன்நோன டைல்யூட் பண்ண. ஒரே ஒரு பாட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு, மூணு வாரம் முன்னாடி போட்ட ஒரே ஒரு மதிப்பு. அதுக்கப்புறம் ப்யூரெட்ட மட்டும் மூணு தடவ தெறந்து மூடுன. உன் கை ப்யூரெட்ல நடுங்கலன்னு அந்த மூணு ரீடிங் சாட்சி சொல்லும், அவ்ளோ தான். டைல்யூஷன்ல நடந்த தப்பு மூணுலயும் அப்படியே பிரதி எடுத்த மாதிரி உக்காந்திருக்கும், பாட்டில்ல நடந்ததும் அப்படித் தான். டைல்யூஷனையே மூணு தடவ தனித்தனியா பண்ணியிருந்தா ரீடிங் கொஞ்சம் சிதறியிருக்கும், ஆனா அந்தச் சிதறல் உண்மையச் சொல்லியிருக்கும்.

பாட்டில் கதை என்னன்னா, சோடியம் ஹைட்ராக்சைடு காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைட உள்ள இழுத்து கார்பனேட் ஆகும். ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு ரெண்டு ஹைட்ராக்சைட முழுங்குது. ஆசிட்டோட டைட்ரேட் பண்றப்போ பினால்ப்தலீன் (ரோஸ் கலர் காட்டுற இண்டிகேட்டர்) கலர் மாறுற எடத்துல, அதாவது பி.எச் 8.2 லேர்ந்து 10, அந்த கார்பனேட் பைகார்பனேட் வரைக்கும் தான் போகும். ரெண்டு போச்சு, ஒண்ணு திரும்பி வந்துச்சு, ஒண்ணு நட்டம். மெத்தில் ஆரஞ்சு போட்டா பி.எச் 3.1 லேர்ந்து 4.4 வரைக்கும் எறங்கிப் போறதால ரெண்டும் திரும்பக் கிடைக்கும், ஆனா அசிட்டிக் மாதிரி வீக் ஆசிட்டுக்கு அது ஆகாது, ஈக்விவலன்ஸ் பாயிண்ட் (ஆசிட்டும் காரமும் சரிக்கு சரி ஆகுற எடம்) அவ்ளோ கீழ வராது. ஒரு லிட்டர்ல 44 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு போனாலே உன் 0.1 மோலார்ல ஒரு சதவீதம் காலி. மூணு வாரம் பேப்பர் மூடி. நீயே யோசிச்சுக்க.

ஸ்டாக் செய்யுறப்போ அம்பது சதவீத கெட்டியான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல்லேர்ந்து எடுத்து, கொதிக்க வச்சு ஆறுன தண்ணில கலக்குவாங்க. அவ்ளோ கெட்டியான கரைசல்ல சோடியம் கார்பனேட் கரையாது, அடியில தங்கிடும், மேலாக்க தெளிஞ்சத எடுத்துக்கலாம். அப்பறம் பாலித்தீன் பாட்டில்ல இறுக்கி மூடி, ஒவ்வொரு லேப் நாளும் மறுபடி ஸ்டாண்டர்டைஸ். சோம்பல் பட்டா இப்படித்தான்.

மெனிஸ்கஸ்:
பிப்பெட் ஊதுறத பத்தி நான் சொல்லிடறேன். நடுவுல உப்புன வால்யூமெட்ரிக் பிப்பெட்ல நுனியில நிக்கிற கடைசி சொட்டையும் கணக்குல சேத்து தான் கோடு போட்டிருப்பாங்க. ஃப்ளாஸ்க் சுவத்துல நுனிய தொட்டு வச்சு தானா வடிய விடணும், மிச்சம் நிக்கிறது அங்கேயே நிக்கட்டும். ஊதி எறக்கணும்ங்குற ஜாதி பிப்பெட் தனி, அதுல மேல ரெண்டு வளையம் போட்டிருக்கும். தம்பி டைல்யூட் பண்றப்போ ஒரு தடவை ஊதியிருக்கான், அப்பறம் ஒவ்வொரு 25 எடுக்கும்போதும் ஒரு தடவை. ரெண்டுமே விடைய ஏத்தும். தாலேட்ட எடை போட்டு நேரா எடுத்ததால ஸ்டாண்டர்டைசேஷன்ல இந்த தப்பு வரவே இல்ல, அதனால ஒண்ணுக்கொண்ணு அடிபடாம போயிருச்சு.

ஓரத்துல_உக்காந்தவன்:
எனக்கு ஒண்ணு புரியல. இப்போ எல்லாத்துக்கும் மெஷின் வந்தாச்சு. ஊசியில ஏத்துனா பீக் வருது, கம்ப்யூட்டர் கணக்கு போடுது. யாரு இன்னும் ப்யூரெட் கொழாய திருகிட்டு இருக்கா? வேலைக்குப் போனா இதெல்லாம் யாரும் கேக்கவே மாட்டாங்க.

க்யூசி_அக்கா:
கேக்குறாங்களே, நான் அந்த வேலை தான் பாக்குறேன். மருந்து கம்பெனில தரக் கட்டுப்பாடு. எச்.பி.எல்.சி (கலவைய பிரிச்சு அளக்குற மெஷின்) இருக்கு, இல்லங்கல. அந்த மெஷினுக்கு நீங்க ஊசியில ஏத்துற ஸ்டாண்டர்ட யாரு செய்யுறா? பேலன்ஸ்ல எடை போட்டு ஸ்டாண்டர்ட் ஃப்ளாஸ்க்ல கரைச்சு பிப்பெட்ல எடுத்து டைல்யூட் பண்ணி நம்ம கை தான் செய்யுது. அங்க ஒரு சதவீதம் போச்சுன்னா மெஷின் அந்த ஒரு சதவீதத்த அஞ்சு தசம இலக்கத்துல அழகா பிரிண்ட் பண்ணி குடுக்கும், அவ்ளோ தான் வித்தியாசம். ரிசல்ட் லிமிட் தாண்டி வந்துட்டா எங்களுக்கு உக்காந்து விசாரணை நடக்கும், மொத கேள்வியே இங்க பெரியவர் தம்பிகிட்ட கேட்டது தான், எந்த பிப்பெட், எந்த தேதி சொல்யூஷன், யாரு செஞ்சது. தம்பி இப்ப எழுதுற பதில மாதிரி லேப் நோட்ல எழுதி வச்சிருக்கறவங்க தப்பிப்பாங்க.

டைட்ரேஷனும் சாகல. ஆஸ்பிரின் எடுத்துக்கங்க, அளவுக்கு அதிகமா சோடியம் ஹைட்ராக்சைடு போட்டு கொதிக்க வச்சு மிச்சத்த ஆசிட்டால திருப்பி டைட்ரேட் பண்ற முறை மருந்தியல் நூல்கள்லயே இருக்கு, 0.5 மோலார் ஒரு மி.லி. க்கு 45.04 மில்லிகிராம் ஆஸ்பிரின். தண்ணி எவ்ளோ இருக்குன்னு பாக்க கார்ல் ஃபிஷர் டைட்ரேஷன் தினமும் ஓடுது, 1935 ல வந்த முறை, இன்னும் பொழக்கத்துல இருக்கு. கொழாய இப்போ மோட்டார் திருகுது, அவ்ளோ தான்.

வெள்ளை_டைல்:
அக்கா, மெஷின்னதும் ஒரு கேள்வி, இழைய திசை திருப்புறதா நெனைக்காதீங்க. எங்களுக்கு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்ல (கரைசல் எவ்ளோ வெளிச்சத்த உறிஞ்சுதுன்னு பாக்குற மெஷின்) இரும்பு அளக்குறது. கேலிப்ரேஷன் கர்வ்ல (தெரிஞ்ச அளவுகள வச்சு போட்ட கோடு) ஆர் ஸ்கொயர் (புள்ளிங்க கோட்டோட எவ்ளோ ஒட்டுதுங்குற எண்ணு) 0.999 வந்துச்சு, ஆனா சாம்பிள் விடை கொறைவா வருது. சாம்பிளோட அப்சார்பன்ஸ் (வெளிச்சத்த உறிஞ்சுற அளவு) 2.1.

க்யூசி_அக்கா:
2.1 னா உள்ள போன வெளிச்சத்துல 0.8 சதவீதம் தான் வெளிய வருது. அந்த இத்துனூண்டு வெளிச்சத்தோட மெஷினுக்குள்ள சிதறித் திரியுற வெளிச்சமும் கலந்தா அப்சார்பன்ஸ் கொறைவா தான் காட்டும். உங்க ஸ்டாண்டர்ட் எல்லாம் எது வரைக்கும் போச்சு? 0.8 ல முடிஞ்சிருந்தா கோட்ட தாண்டி வெளிய போய் நின்னுட்டு விடை கேக்குறீங்க. சாம்பிள டைல்யூட் பண்ணி 0.2 லேர்ந்து 0.8 க்குள்ள கொண்டு வந்து மறுபடி அளங்க. ஆர் ஸ்கொயர் பாத்து சந்தோஷப்படாதீங்க, ஒவ்வொரு புள்ளியும் கோட்டுக்கு மேலயா கீழயான்னு பாருங்க, வில்லு மாதிரி வளைஞ்சிருந்தா 0.999 லயும் வளைவு தான்.

வெள்ளை_டைல்:
0.7 லயே முடிஞ்சிருச்சு அக்கா. 😐 நாளைக்கு பண்றேன்.

டைட்டர்_தம்பி:
ஒரு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். அதே பாட்டில் இன்னும் இருந்துச்சு, தூக்கி எறியல. அனுமதி வாங்கி அதையே மறுபடி தாலேட்டோட ஸ்டாண்டர்டைஸ் பண்ணேன். 0.5106 மாதிரியே எடை எடுக்கப் பாத்தேன், 0.5104 வந்துச்சு, பரவால்லன்னு ஓட்டுனேன். நாலு தடவ பண்ணதுல சராசரி 0.1002. அப்போ 0.1012 லேர்ந்து ஒரு சதவீதம் எறங்கிருக்கு, நெஜமாவே!

அப்பறம் பிப்பெட். 25 டிகிரி தண்ணி, எடை போட்ட பாட்டில்ல வடிய விட்டு எடை பாத்தேன், 24.90 கிராம். மொதல்ல பயந்துட்டேன், 25 மி.லி. க்கு 24.90 தானான்னு. அப்பறம் தான் படிச்சேன், அந்த சூட்டுல தண்ணியோட அடர்த்தி 0.997, காத்து தூக்கி விடுறதையும் சேத்தா ஒரு கிராமுக்கு 1.0040 மி.லி. ஆல பெருக்கணும். பெருக்குனா 25.00. ஊதி விட்டு பண்ணா 24.95 கிராம், 25.05 மி.லி. அஞ்சு தடவ பண்ணேன், ஒவ்வொரு தடவையும் அந்த 0.05 நிக்குது.

இப்ப பழைய ரீடிங்கயே வச்சு 0.1002 போட்டு கணக்கு பண்ணா 0.9868 வருது. ரெண்டு தடவ ஊதுனதுக்கு 0.4 சதவீதம் கழிச்சா 0.983. அப்படியே நச்சுன்னு உக்காந்துருச்சு!!! எங்க லேப்ல காட்டுனேன், மார்க் மாத்த முடியாதுன்னுட்டாங்க, ஆனா நோட்ட வாங்கி ரொம்ப நேரம் படிச்சாங்க.

மெனிஸ்கஸ்:
அடேய்!! கலக்கிட்ட போ.

எண்ணும்_எழுத்தும்:
அருமை தம்பி, உண்மையிலேயே. ஆனா நச்சுன்னு உக்காந்ததுல கொஞ்சம் மயங்கிடாத. பாட்டில் நீ தப்பு பண்ண நாளைக்கப்பறம் இன்னும் ரெண்டு வாரம் தெறந்து கெடந்துருக்கு, அன்னிக்கு 0.1002 ஆ இருந்துச்சா 0.1005 ஆ இருந்துச்சான்னு உனக்கு தெரியாது. நல்ல தரத்து 25 மி.லி. பிப்பெட்டுக்கே ±0.03 மி.லி. வரை அனுமதி, அது 0.12 சதவீதம், அத ரெண்டு தடவ வேற பயன்படுத்திருக்க. ஒரு சதவீத தப்புக்கு காரணம் பாட்டில்னு நான் ஒத்துக்குவேன், மிச்ச 0.4 பூரா ஊதுனது தான்னு சத்தியம் பண்ண மாட்டேன், "அதுவும் சேந்துருக்க நெறைய வாய்ப்பு இருக்கு" ன்னு நோட்ல எழுதிக்க. எதிர்பாத்த எண்ணு வந்ததும் தேடுறத நிறுத்துறது இந்த தொழில்ல பழைய வியாதி.

பழைய_ப்யூரெட்:
ஒத்துக்குறேன், ஆனாலும் புள்ளைய இன்னிக்கு ஒரு நாள் சந்தோஷமா இருக்க விடுங்க.

தம்பி, ரேலேன்னு ஒருத்தர் நைட்ரஜன் வாயுவோட அடர்த்திய அளந்துட்டு இருந்தாரு. காத்துலேர்ந்து ஆக்சிஜன் எல்லாத்தையும் எடுத்துட்டு மிச்சம் வர்ற நைட்ரஜன் ஒரு அடர்த்தி, அமோனியா மாதிரி சேர்மங்கள்லேர்ந்து செஞ்ச நைட்ரஜன் இன்னொரு அடர்த்தி, வித்தியாசம் வெறும் அரை சதவீதம். ரெண்டு கூட்டமும் தனித்தனியா ஒட்டி ஒட்டி வந்துச்சு, உன்னோடது மாதிரியே. உன் நண்பன் மாதிரி சிதறியிருந்தா ரெண்டும் ஒண்ணு தான்னு சராசரி போட்டு முடிச்சிருப்பாங்க. அவரு விடல, ராம்சேயும் சேந்துக்கிட்டாரு, 1894 ல ஆர்கான் வெளிய வந்துச்சு. காத்துல கிட்டத்தட்ட ஒரு சதவீதம் இருக்குற வாயு, அது வரைக்கும் யாரு கண்ணுலயும் படல. 1904 ல ஒருத்தருக்கு பிசிக்ஸ் நோபல், இன்னொருத்தருக்கு கெமிஸ்ட்ரி நோபல். உனக்கு பாதி மார்க் தான் போச்சு.

டைட்டர்_தம்பி:
😂 சரிங்க ஐயா. இன்னொரு சந்தேகம், தியரி பரீட்சைக்கு. வி1 எம்1 = வி2 எம்2 ன்னு எல்லாத்துக்கும் போட்டுட்டு வந்தேன், பர்மாங்கனேட் கணக்குல மட்டும் கன்னாபின்னான்னு தப்பாகுது.

மெனிஸ்கஸ்:
அந்த ஃபார்முலாவ மறந்துடு. அது ஒண்ணுக்கு ஒண்ணு வினைபுரியுற எடத்துல மட்டும் செல்லும். ஆக்சலேட்டோட பர்மாங்கனேட் வினைல ரெண்டு பர்மாங்கனேட்டுக்கு அஞ்சு ஆக்சலேட், ஃபார்முலாவ அப்படியே போட்டா விடை ரெண்டரை மடங்கு தள்ளிப் போகும். ப்யூரெட்லேர்ந்து எத்தன மில்லிமோல் எறங்குச்சு, அது ஃப்ளாஸ்க்ல எத்தன மில்லிமோல தின்னுச்சு, டைல்யூட் பண்ணதுல எத்தனாவது பங்கு அது, இந்த வழியில போ, பேக் டைட்ரேஷன் (மிச்சத்த திருப்பி டைட்ரேட் பண்றது) வந்தாலும் ஈ.டி.டி.ஏ (உலோக அயனிய அளக்குறது) வந்தாலும் அதே வழி தான். நார்மாலிட்டில சொல்லிக் குடுத்திருந்தா அந்த ரெண்டு அஞ்சு விவகாரம் ஈக்விவலண்ட் எடைக்குள்ள ஒளிஞ்சுக்கும், அதான் பழைய ஆளுங்களுக்கு தப்பாகாது.

பழைய_ப்யூரெட்:
பழைய ஆளுங்கன்னு யாரப்பா சொல்ற? அதோட அந்த டைட்ரேஷன சூடா பண்ணு தம்பி, 60 டிகிரி பக்கம். மொத சொட்டு கலர் போக நேரமாகும், அவசரப்பட்டு அடுத்தத ஊத்தாத. வினைல உண்டாகுற மாங்கனீஸ் அயனியே வினைய வேகப்படுத்தும், அது கொஞ்சம் சேந்ததும் தானா ஓட ஆரம்பிக்கும். ஆசிட் சல்ஃப்யூரிக் தான், ஹைட்ரோகுளோரிக் போட்டா குளோரைடையும் சேத்து பர்மாங்கனேட் தின்னுடும்.

டைட்டர்_தம்பி:
குறிச்சுக்கிட்டேன். இந்த வாரம் கிராவிமெட்ரி, சல்ஃபேட்ட பேரியம் சல்பேட்டா எறக்கி எடை போடுறது. வெறும் க்ரூசிபிளே (சுடுறதுக்கான சின்ன கிண்ணம்) நிலையான எடைக்கு வர மாட்டேங்குது, நாலு தடவ சுட்டாச்சு. பேலன்ஸ்ல வச்சதும் கடைசி இலக்கம் நிக்காம மேல மேல ஏறிக்கிட்டே போகுது, ஒவ்வொரு தடவையும் வேற எண்ணுல கை விடுறேன். பேலன்ஸ் கெட்டுப் போச்சோ?

க்யூசி_அக்கா:
டெசிகேட்டர்ல எவ்ளோ நேரம் ஆற விட்ட?

டைட்டர்_தம்பி:
பத்து நிமிஷம் இருக்கும் அக்கா. தொட்டுப் பாத்தேன், சுடல... லேசா வெதுவெதுப்பு தான்.

க்யூசி_அக்கா:
பேலன்ஸ் நல்லா தான் இருக்கு. சூடான சாமான சுத்தி காத்து மேல கெளம்பும், அது தட்ட தூக்கி விட்டு எடைய கொறைச்சுக் காட்டும், ஆற ஆற எண்ணு ஏறும். முழுசா அரை மணி நேரமாச்சும் விடு, நாலு தடவையும் ஒரே அளவு நேரம். அப்பறம் க்ரூசிபிள விரலால தொடாத, இடுக்கி வச்சுக்க.

டைட்டர்_தம்பி:
தொட்டுட்டேனே...

பழைய_ப்யூரெட்:
அஞ்சாவது தடவ சுடு.